ரோமிலிருந்து ஓர்த்தோனா: தோமையார் கல்லறைக்கு அம்மாவை அழைத்துப் போகிறேன், ஒரு நாள் போதுமா?

குழித்துறை மகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரல் கடைசியில் அம்மாவை ரோமுக்கு அழைத்துப் போகிறேன், மே நடுவில் திரும்புகிறோம். அக்கா அங்கே செவிலியராக இருப்பதால் வத்திக்கானையும் பெரிய கோயில்களையும் அவளே காட்டிவிடுவாள். ஆனால் அம்மாவின் ஆசை வேறு. தோமையார் கட்டியதாக மரபு சொல்லும் திருவிதாங்கோடு அரப்பள்ளிக்குச் சிறுவயது முதல் போய் வருபவர் அவர். தோமையாரின் எலும்புகள் இத்தாலியில் ஓர்த்தோனா என்ற கடற்கரை ஊரில் இருக்கின்றன என்று எங்கள் பங்குத்தந்தை மறையுரையில் சொன்ன நாளிலிருந்து அதே பேச்சுதான். ரோமைப் பார்க்காவிட்டாலும் அங்கே போயே தீர வேண்டும் என்கிறார்.

காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடலாம், கல்லறையைத் தவிர அந்த ஊரில் பார்க்க ஒன்றுமில்லை என்கிறாள் அக்கா. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. எப்படிப் போவது, படிக்கட்டு அதிகமா, ஒரு நாள் போதுமா? போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை வாசகர் எழுதியது:

ரோமில் திபுர்த்தினா பஸ் நிலையத்திலிருந்து, கிழக்குக் கடற்கரையில் இருக்கும் பெஸ்காரா நகருக்கு நேரடி பஸ்கள் உண்டு. மலையைக் குறுக்காகக் கடந்து ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் சேர்ந்துவிடும். அதே வழியில் ரயிலும் இருக்கிறது, ஆனால் மெதுவாகத்தான் போகும். பெஸ்காராவிலிருந்து தெற்கே போகும் உள்ளூர் ரயிலில் ஏறினால் அரை மணிக்குள் ஓர்த்தோனா வந்துவிடும். காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள். மறந்தால் அபராதம் கட்ட நேரிடும்.

காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். ஒரே நாளில் போய்த் திரும்பினால் பகலின் பெரும்பகுதி வண்டியிலேயே கழிந்துவிடும். முழங்கால் வலி இருப்பவருக்கு அது வேண்டாம்.

நீரோடிக்காரன் எழுதியது:

தங்கச்சி, நான் நீரோடியில் பிறந்தவன். கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இப்போது பெஸ்காராவில் மகளோடு இருக்கிறேன். ஓர்த்தோனாவில் பார்க்க ஒன்றுமில்லை என்ற பேச்சை இங்கேயும் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ஓர் இரவாவது தங்குங்கள்.

முதலில் அம்மாவின் முழங்காலைப் பற்றி. ரயில் நிலையம் கீழே கடலோரத்தில் இருக்கிறது, ஊர் மேட்டில் இருக்கிறது. அந்த ஏற்றத்தில் அவரை நடக்க வைக்காதீர்கள், டாக்சி பிடித்துவிடுங்கள். மேலே போய்விட்டால் பெரிய சிரமம் கிடையாது. கல்லறை பேராலயத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. சில படிகள் இறங்க வேண்டும், நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டால் போதும். மதியத்தில் இங்கே கோயில்களை மூடிவிடுவது வழக்கம் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள்.

கீழே பீடத்துக்குள் பொன்முலாம் பூசிய செம்புப் பேழை இருக்கிறது. எலும்புகள் அதற்குள்தான். வருகிறவர்கள் அதன்முன் செபித்துவிட்டு உடனே மேலே ஏறிவிடுகிறார்கள். நீங்கள் அங்கேயே இருக்கும் பழைய கல்லறைக் கல்லையும் பார்க்க வேண்டும். ஆசி வழங்கும் கையோடு தோமையாரின் அரை உருவம் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது, பக்கத்தில் கிரேக்க எழுத்தில் அவர் பெயர். அந்தக் கல் கிரேக்கத்தின் கியோஸ் தீவிலிருந்து வந்தது. மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்ட உடல் எதேசாவுக்கு (இன்றைய துருக்கியில் இருக்கும் ஊர்) போய், அங்கிருந்து கியோஸுக்குப் போனது என்பது மரபு. 1258-இல் லெயோனே அச்சாயுவோலி என்ற ஓர்த்தோனா தளபதி மூன்று கப்பல்களோடு போய், எலும்புகளையும் கல்லையும் அந்தத் தீவிலிருந்து எடுத்து வந்தார். செப்டம்பர் 6 அன்று அவை இந்த ஊருக்கு வந்து சேர்ந்தன. 1566-இல் துருக்கிக் கடற்படை ஊரைச் சூறையாடிக் கோயிலுக்குத் தீ வைத்தபோதும் எலும்புகள் தப்பிவிட்டன. அம்மா கொடுங்கல்லூர் பக்கம் அழிக்கோட்டுத் திருத்தலத்துக்குப் போயிருக்கிறாரா? அங்கே வைத்திருக்கும் கை எலும்பு 1953-இல் இந்த ஓர்த்தோனாவிலிருந்து கொண்டுபோனதுதான். அவரிடம் சொல்லுங்கள், மிகவும் சந்தோஷப்படுவார்.

பேராலயம் இவ்வளவு பழைமையானது என்கிறார்களே, சுவரெல்லாம் புதிதாக இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றும். இரண்டாம் உலகப் போரில், 1943 டிசம்பர் 21 அன்று ஜெர்மானியர்கள் கோபுரத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கோயிலின் பெரும்பகுதி அதோடு இடிந்து விழுந்தது. அந்த வாரம் முழுவதும் இந்தச் சந்துகளில் கனடா வீரர்களும் ஜெர்மானியப் பாராசூட் படையும் வீட்டுக்கு வீடு சண்டையிட்டார்கள். தெருவில் கண்ணிவெடியும் இடிபாடும் கிடந்ததால், கனடாக்காரர்கள் ஒரு வீட்டின் சுவரை உடைத்து அடுத்த வீட்டுக்குள் நுழைந்து, அப்படியே தெருவின் கடைசி வரை முன்னேறினார்கள். ஊர்மக்களில் 1,300 பேருக்கு மேல் மாண்டுபோனார்கள். சாந்தா மரியா தி கொஸ்தாந்தினோபொலி என்ற கோயிலுக்குள் மேசைகளைப் போட்டு, கனடா வீரர்கள் முறை வைத்து வந்து கிறிஸ்துமஸ் விருந்து சாப்பிட்டுவிட்டு மறுபடியும் சண்டைக்குப் போனார்கள். இந்தப் போருக்கென்றே ஊரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. சிறியதுதான், ஆனாலும் போய்ப் பாருங்கள். இதைத் தெரிந்துகொண்டு நடந்தால் இந்த ஊரின் ஒவ்வொரு சுவரும் வேறு மாதிரித் தெரியும்.

மாலையில் பேராலயத்திலிருந்து அரகோன் அரசர்களின் கோட்டைப் பக்கம் மேட்டின் விளிம்பை ஒட்டியே நடைபாதை போகிறது.  அம்மாவை உட்கார வைத்தும் நடக்க வைத்தும் மெதுவாகக் கூட்டிப் போகலாம். கோட்டை 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, பாதி இடிந்து பின்பு செப்பனிடப்பட்டது. அதை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்.

மறுநாள் காலையில் ரயிலில் ஒரு நிலையம் தெற்கே, சான் வீத்தோவுக்குப் போங்கள். எனக்கு இந்தக் கடற்கரையிலேயே மிகவும் பிடித்தது அங்கேதான் இருக்கிறது. பாறைக் கரையிலிருந்து கடலுக்குள் மரக்கால்களை ஊன்றி, மேலே பலகைத் தளமும் ஒரு சிறு குடிலும் கட்டியிருப்பார்கள். ட்ரபோக்கோ என்பது பெயர். கரையிலிருந்து தளத்துக்குப் போக ஆள் அகலத்துக்கு ஒரு மரப்பாலம். தளத்திலிருந்து நீண்ட கழிகள் கடல்மேல் நீட்டிக்கொண்டிருக்கும், அவற்றிலிருந்து வலை தொங்கும். கொச்சிக் கோட்டையில் சீன வலை பார்த்திருப்பீர்கள். அதில் கற்களைக் கட்டித் தொங்கவிட்டு எடையைச் சமன் செய்வார்கள், முழுச் சட்டமும் முன்னும் பின்னும் சாயும். இங்கே கழிகள் அசைவதில்லை. நடுவில் இருக்கும் உருளையைச் சுற்றினால் கயிறு சுருண்டு வலை மட்டும் மேலே வருகிறது. நான் கரையில் நின்று கரைமடி வலை இழுத்து வளர்ந்தவன். அந்த உருளையின் கைப்பிடிகள் தேய்ந்து வழவழப்பாகியிருப்பதையும், கயிறு ஓடி ஓடி மரத்தில் தடம் விழுந்திருப்பதையும் பார்த்தபோது, எத்தனை தலைமுறை இங்கே நின்று சுற்றியிருக்கும் என்று நினைத்து அந்த இடத்தை விட்டு நகர மனமே வரவில்லை. வள்ளம் இறக்க முடியாத காற்றிலும் கரையோர மீன் கிடைக்கட்டும் என்று நினைத்துக் கட்டியவர்கள் நம்மைப் போன்ற ஆட்கள்தான்.

கடலை ஒட்டி ஓடிய பழைய ரயில்பாதையை உள்பக்கம் மாற்றிவிட்டு, அந்தத் தடத்தைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். ஓர்த்தோனாவிலிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டருக்குப் போகிறது. அம்மாவை நிழலில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் கொஞ்ச தூரம் போய் வரலாம்.

இன்னொன்று. மே முதல் ஞாயிறுதான் ஓர்த்தோனாவில் தோமையாரின் மன்னிப்புத் திருவிழா. அதற்கு முந்தைய மாலையில் பழைய காலத்து உடைகளில் ஊர்வலமாக வெள்ளிச் சாவிகளைப் பேராலயத்துக்குக் கொண்டுபோவார்கள். நீங்கள் அப்போது இத்தாலியில்தான் இருப்பீர்கள். தேதியைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

செங்கோட்டை வரலாற்று ஆர்வலர் எழுதியது:

நீரோடி அண்ணாச்சி சொன்ன சண்டையில் நம் நாட்டுப் படையும் இருந்தது. அதே டிசம்பரில் இந்திய 8-ஆம் டிவிஷன் ஓர்த்தோனாவுக்கு மேற்கே வில்லா கிராந்தே என்ற கிராமத்துக்காகப் போரிட்டது. ஊருக்குச் சற்றுத் தெற்கே இருக்கும் மோரோ ஆற்றுக் கல்லறைத் தோட்டத்தில் பெரும்பாலும் கனடா வீரர்கள். இன்னும் தெற்கே சாங்ரோ ஆற்றுக் கல்லறைத் தோட்டத்தில், தங்கள் மத வழக்கப்படி எரியூட்டப்பட்ட 500-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. நம் ஊர்களிலிருந்து இத்தாலிக்குப் போகிறவர்கள் அங்கே போனதாகக் கேள்விப்படுவதே அரிது. வசதிப்பட்டால் போய் ஒரு பூ வைத்துவிட்டு வாருங்கள்.

குழித்துறை மகள் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அண்ணாச்சி, உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கை எலும்பு விஷயம் வந்ததும் மறுபடியும் வாசிக்கச் சொன்னார், இருபது வயதில் அழிக்கோட்டுக்குப் போனதைச் சொல்லி அழுதுவிட்டார். அக்காவிடமும் பேசிவிட்டேன், அவளும் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறாள். திருவிழாவுக்கு முந்தைய நாளே வந்து இரண்டு இரவு தங்கப் போகிறோம். ட்ரபோக்கோவில் உணவகம் இருக்கிறதாமே, நேராகப் போனால் இடம் கிடைக்குமா?

நீரோடிக்காரன் எழுதியது:

கிடைக்காது. பல ட்ரபோக்கோக்கள் இப்போது உணவகங்கள்தான், ஆனால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மேசைகளே இருக்கும். அக்காவை முன்பே தொலைபேசியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். மரப்பாலம் ஒடுக்கமானது, பலகைகளுக்கு நடுவே கடல் தெரியும் என்பதையும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அவருக்குப் பயமாக இருந்தால் கரையிலேயே சாப்பிடுங்கள், ஊருக்குள்ளும் தக்காளி போட்டு வைக்கும் மீன் குழம்பு நன்றாகவே கிடைக்கும். திருவிழா நாளில் ஓர்த்தோனாவில் அறை கிடைப்பது கடினம், அதை இந்த வாரமே முடித்துவிடுங்கள்.