அரசலாற்றில் புதுப் பாலம் கட்டுவதை ட்ரோனில் பதிவு செய்ய வேண்டும் – விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அரசலாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்துக்குக் கிழக்கே அரசலாற்றை ஒட்டி எங்கள் கிராமம். கூட்டுறவு கடன் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். ஊருக்குள் நுழையும் பாலம் ரொம்பப் பழசு, ரொம்பக் குறுகல். கொள்முதல் நிலையத்து நெல் லாரி ஒன்று ஏறிவிட்டால் டவுன் பஸ் அக்கரையிலேயே நிற்க வேண்டியதுதான். கைப்பிடிச் சுவரில் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிகிறது. இரண்டாவது கண்ணின் வளைவில் அரசங்கன்று முளைத்து, அதன் வேர் சுண்ணாம்புக் காரையைப் பிளந்துகொண்டு கீழே தண்ணீர்வரை தொங்குகிறது. இப்போது அதற்குப் பக்கத்திலேயே புதுப் பாலம் வரப்போகிறது. மண் பரிசோதனை முடிந்துவிட்டது. கம்பி, ஜல்லி இறங்க ஆரம்பித்திருக்கிறது. புதுசு முடிந்ததும் பழையதை இடித்துவிடுவார்கள் என்கிறார்கள்.

எங்கள் பாட்டன் அந்தப் பாலத்துக்குக் கல் சுமந்தார், சுண்ணாம்பு அரைத்தார் என்று சொல்லும் வீடுகள் ஊரில் நிறைய உண்டு. ஆனால் கட்டும்போது எடுத்த ஒரு போட்டோகூட எந்த வீட்டிலும் கிடையாது. நானே வீடுவீடாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். இந்தத் தடவை அப்படி விட்டுவிடக் கூடாது என்று மனசுக்குள் ஒரே உறுத்தல். அடித்தளத்துக்காகத் தரைக்குள் இறக்கும் முதல் பைல் தூணில் ஆரம்பித்து முதல் பஸ் போகிற வரைக்கும் மேலிருந்து எடுத்து, பள்ளிக்கூடத்துக்கும் ஊர் நூலகத்துக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுக்க வேண்டும். காசு சம்பாதிக்கும் எண்ணம் இல்லை.

மச்சான் சித்திரையில் சிங்கப்பூரிலிருந்து வருகிறார். 249 கிராம் எடையுள்ள டிஜேஐ மினி ட்ரோன் ஒன்று வாங்கி வருகிறேன் என்கிறார். அதற்கு லைசென்ஸ் வேண்டுமா? பாலத்தை எடுக்க யாரிடம் அனுமதி கேட்பது? அப்படியே தாராசுரம் கோயிலையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் மேலிருந்து எடுத்துவிடலாமா? ஆடிக்காற்றில் இவ்வளவு சின்ன ட்ரோன் தாங்குமா? பறக்கவிட்டுப் பழகியவர்கள் சொன்னால் பெரிய உதவி.

நீடாமங்கலம் வீடியோ:

அண்ணே, முதல் வேலையா மச்சானுக்குப் போன் போட்டு வேண்டாம்னு சொல்லிடுங்க. 2022 பிப்ரவரி 9-லேர்ந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டிருக்கு. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு மாதிரி சில தேவைக்கு மட்டும்தான் விலக்கு. பெட்டியில துணிக்கு நடுவுல வெச்சுக் கொண்டாரலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல பிடிச்சா பொருளும் போயி மச்சானுக்கும் அலைச்சல். உதிரி பாகத்துக்குத் தடை இல்ல. இங்க தயாரிக்கிற சின்ன ட்ரோன் பில்லோட கிடைக்குது, அதை வாங்குங்க.

இப்ப நடைமுறையில இருக்கறது 2021 ஆகஸ்ட்ல வந்த ட்ரோன் விதிகள். 250 கிராம் வரைக்கும் நானோ, அதுக்கு மேல 2 கிலோ வரைக்கும் மைக்ரோ. நானோவுக்குப் பைலட் சான்றிதழ் வேண்டாம். மைக்ரோவா இருந்தாலும் தொழிலுக்கு இல்லாம சும்மா எடுத்தா வேண்டாம். நான் கல்யாணத்துக்குக் காசு வாங்கிக்கிட்டு மைக்ரோவுல எடுக்கறவன், அதனால பயிற்சி முடிச்சு சான்றிதழ் வெச்சிருக்கேன். ட்ரோனைப் பதிவு பண்ணித் தனி அடையாள எண் வாங்கிடுங்க, அதுக்குக் கட்டணம் 100 ரூபாய்தான். விதியை மீறினா அபராதம் ஒரு லட்சம் வரைக்கும் போகும்.

எங்க பறக்கலாம்ங்கறதை மத்திய அரசோட டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்துல பார்த்துக்கணும். பச்சைன்னா 400 அடி வரைக்கும் தனியா அனுமதி வேண்டாம். விமான நிலையத்து எல்லையிலேர்ந்து 8 கிலோமீட்டருக்கும் 12 கிலோமீட்டருக்கும் நடுவுலன்னா 200 அடி வரைக்கும்தான். அதுக்குள்ள நெருங்கினா அனுமதி இல்லாம ஏத்தவே கூடாது. சிவப்புல மத்திய அரசு அனுமதி வேணும். கிளம்பற அன்னிக்கே வரைபடத்தைத் திறந்து பாருங்க, போன மாசம் பார்த்தது செல்லாது.

பெரிய கோயிலை விட்டுடுங்க அண்ணே. தஞ்சாவூர்ல விமானப்படைத் தளம் இருக்கு, 2020 ஜனவரியிலேர்ந்து சுகோய் போர் விமானப் படைப்பிரிவே அங்க நிக்குது. அது ஒரு பக்கம்னா, பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூணுமே மத்தியத் தொல்லியல் துறை பராமரிப்பு. பெரிய கோயில் 1987-லயும் மத்த ரெண்டும் 2004-லயும் உலக பாரம்பரியப் பட்டியலுக்குப் போயாச்சு. துறை அனுமதி இல்லாம ட்ரோன் கூடாது. கல்யாண வீட்டுக்காரங்க எவ்வளவோ கேப்பாங்க, கோயில் ஷாட் வேணும்னு. கையை விரிச்சுடுவேன்.

கொள்ளிடம் வடகரை:

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஓய்வுபெற்ற ஆசிரியன், அணைக்கரைக்குப் பக்கத்து ஊர். இங்கே கீழணை 1836-ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டியது. அதன் மேலேயே சாலை. இரண்டு பஸ் எதிரெதிரே வந்தால் என்ன பாடு என்பது இந்த வழியே சென்னை போனவர்களுக்குத் தெரியும். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நால்வழிச் சாலைக்காகக் கொள்ளிடத்தில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் புதுப் பாலம் கட்டினார்கள். சேத்தியாத்தோப்பு–சோழபுரம் பகுதி 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. கட்டுமானம் நடந்த காலத்தில் பொது இடமான கரையில் நின்று அதை எடுத்து வந்தேன்.

அதில் தெரிந்துகொண்ட பெரிய விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அழகழகாகச் சுற்றிச்சுற்றி எடுத்த வீடியோக்களை இப்போது யாரும் கேட்பதில்லை. ஒரே இடம், ஒரே உயரம், ஒரே கோணம் என்று மாதாமாதம் எடுத்த சாதாரணப் படங்களைத்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பொறியியல் மாணவர்களும் வந்து வாங்கிப் போகிறார்கள். அவற்றை வரிசையாகத் தள்ளினால் ஆற்று மணலிலிருந்து தூண்கள் எழும்பி, மேல்தலை கட்டி, அதன்மேல் கர்டர் எனும் நீள உத்தரங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்காருவது கண்ணெதிரே தெரியும்.

அதற்கு நான் செய்வது இதுதான். கரையில் அசையாத ஒரு கல்லைப் பிடித்துக்கொள்வேன், அதன்மேல்தான் ஏற்றம், அதன்மேல்தான் இறக்கம். உயரம் 60 மீட்டர், கேமரா சாய்வு 30 பாகை. போன மாதப் படத்தைக் கைபேசியில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடது ஓரத்தில் பனைமரமும் வலது ஓரத்தில் மதகு வீட்டுக் கூரையும் அதே இடத்தில் விழும்வரை ட்ரோனை மெல்ல நகர்த்துவேன். விழுந்ததும் வீடியோ அல்ல, போட்டோ. அதை முடித்துவிட்டுத்தான் மற்ற ஆசை எல்லாம்.

இன்னொன்று, காவிரி ஆறுகளில் பால வேலையின் நாள்காட்டியே தண்ணீர்தான். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். ஆறு காய்ந்திருக்கும் அந்த இடைவெளிக்குள் பைல், அவற்றின் தலைகளைச் சேர்த்துக் கட்டும் பைல் கேப் எல்லாவற்றையும் முடிக்கத்தான் துடிப்பார்கள். தை, மாசியில் ஆற்றுக்குக் குறுக்கே மண்பாதை போடுவார்கள், தண்ணீர் வருவதற்குள் அதை வெட்டி எடுப்பார்கள். ஆகவே மாதம் ஒன்று என்பது மழைக்காலத்துக்குப் போதும். மாசி முதல் வைகாசி வரை வாரம் ஒன்றாவது எடுங்கள். கல்லணை திறந்த பிறகு உங்கள் ஊருக்கு முதல் தண்ணீர் வரும் நாளைத் தவறவிட்டுவிடாதீர்கள். சருகையும் காய்ந்த ஆகாயத்தாமரையையும் தள்ளிக்கொண்டு, மேலே பழுப்பு நுரையோடு, மணல் வெடிப்புகளில் இறங்கி இறங்கி ஆள் நடக்கிற வேகத்தில்தான் வரும். புதுத் தூண்களின் காலை அது முதல்முதலாகத் தொடும் படம் உங்கள் ஊருக்கு வேறு யாரும் எடுத்துத் தரப்போவதில்லை.

காற்றைப் பற்றிக் கேட்டீர்கள். ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும். வெயில் ஏறுவதற்குள், காலை ஆறரை ஏழுக்குள் எடுத்து முடியுங்கள். போகும்போது எதிர்காற்றில் மேற்கே அனுப்புங்கள், திரும்பும்போது காற்றே கொண்டுவந்து சேர்க்கும். மாற்றிச் செய்தால் பேட்டரி பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். ஓடுகிற தண்ணீருக்கு மேல் தாழ்வாக நிறுத்தாதீர்கள். அடிவயிற்றில் உள்ள கேமரா தரையைப் பார்த்துத்தான் ஓரிடத்தில் நிற்கிறது. தண்ணீர் நகர்வதைத் தரை நகர்வதாக எடுத்துக்கொண்டு அதன்போக்கில் இழுத்துக்கொண்டு போகும். கம்பிக் கட்டுகளுக்குப் பக்கத்திலும் புதுக் கான்கிரீட் தளத்திலும் வைத்து ஏற்றினால் திசைகாட்டி குழம்பும், மண் தரையில் வைத்து ஏற்றுங்கள். பாலத்தடியில் நுழைந்தால் ஜிபிஎஸ் கைவிடும். செம்பருந்து சுற்றினால் அன்றைக்கு இறக்கிவிட்டு நாளைக்கு வாருங்கள். அது கூடு வைத்திருக்கும் இடம், முன்னுரிமை அதற்குத்தான். பழைய பாலத்து வளைவுகளில் மலைத்தேனீ கட்டியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தேனீ கலைந்தால் கொட்டு வாங்குவது வேலையாட்களும் பாலத்தில் போகிறவர்களும்தான்.

சைட் இன்ஜினியர்:

சார், டெல்டாவுல பால வேலைதான் பார்க்கறேன். சைட்ல போர்டு வெச்சிருப்பாங்க, எந்தத் துறை, என்ன மதிப்பீடு, ஒப்பந்ததாரர் யாருன்னு அதுலயே இருக்கும். நெடுஞ்சாலைத் துறைன்னா உதவிக் கோட்டப் பொறியாளருக்கு ஒரு கடிதம். ஊராட்சிச் சாலைன்னா ஒன்றிய அலுவலகத்துல கொடுங்க. ஆற்றுக்குள்ள வேலைங்கறதால நீர்வளத் துறைக்கும் ஒரு நகல். பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கத்தான் எடுக்கறேன்னு நீங்க இங்க எழுதினதையே அதுலயும் எழுதுங்க.

கிரேன்ல கர்டர் தூக்கற நேரத்துல பக்கத்துல பறக்கவே கூடாது. கிரேன் ஓட்டறவருடைய கண் முழுக்க கீழ நின்னு சிக்னல் கொடுக்கறவர் கை மேலதான் இருக்கணும். ஒரு நொடி மேல பார்த்தாலும் ஆபத்து. அன்னிக்கு எதிர்க்கரையில தூரமா நின்னு தரையிலேர்ந்து ஜூம் பண்ணி எடுங்க. சிக்னல் போனா ட்ரோன் தானா திரும்பி வர்ற உயரத்தை கிரேன் கையைவிட மேல செட் பண்ணி வெச்சுக்கோங்க.

கீழேர்ந்தும் எடுங்கன்னு சொல்வேன். பைலுக்குக் கம்பிக்கூண்டு இறக்கறது, தூணுக்குக் கம்பி கட்டறது, பாலத்து மேல்தளமான டெக்குல இரண்டு அடுக்குக் கம்பி விரிக்கறது, இதெல்லாம் கான்கிரீட் போட்ட அன்னிக்கே மறைஞ்சுடும். அப்புறம் எவ்வளவு உசரத்துலேர்ந்து எடுத்தாலும் சாம்பல் கலர் சிமெண்ட்தான் தெரியும். ஹெல்மெட் போட்டுக்கிட்டு, மேஸ்திரியைக் கேட்டுக்கிட்டு உள்ள வாங்க. கம்பி கட்டற பசங்க பெரும்பாலும் பீகார், ஒடிசா. அவங்க முகம் தெரியற மாதிரி எடுத்தா அவங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்க. ஊருக்குப் போன் பண்ணி அம்மாகிட்ட காட்டுவாங்க.

வலங்கைமான் பொண்ணு:

அண்ணா, எல்லாரும் நல்லா சொல்லிட்டாங்க. நான் ஊர்க்காரங்க பக்கத்துலேர்ந்து சொல்றேன். பாலத்துக்குப் பக்கத்துல படித்துறை இருக்கும் இல்லையா? காலையில ஆறரை மணிக்குத்தான் நாங்க குளிக்க, துவைக்க இறங்குவோம். தலைக்கு மேல ட்ரோன் சத்தம் கேட்டா எந்தப் பொம்பளைக்கும் பதறும். அது பாலத்தைத்தான் எடுக்குதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? முதல் நாளே கோயில் ஒலிபெருக்கியில சொல்லச் சொல்லுங்க, படித்துறை வராத கோணமா வெச்சுக்கோங்க. பதினெட்டாம் பெருக்கு அன்னிக்குக் கூட்டத்துக்கு மேல பறக்கவிடாதீங்க, ப்ளீஸ்.

வயல் பக்கமும் இதே கதைதான். நாலு வழிச் சாலைக்கும் பைபாஸுக்கும் நிலம் கொடுத்தவங்க இங்க அதிகம். மீத்தேன், ஹைட்ரோகார்பன்னு போராடின ஊர்கள் வேற. மேல ஏதாவது பறந்தா, திரும்ப அளக்க வந்துட்டாங்களோன்னுதான் முதல்ல தோணும். எங்க அப்பா நடவு வயல்லேர்ந்து கரையேறி, யாருப்பா நீங்கன்னு கேட்டுக்கிட்டே வருவார். அப்படி வர்றவங்ககிட்ட திரையைக் காட்டுங்க. அவங்க வயலையே அவங்க மேலேர்ந்து பார்த்தது இல்ல. பார்த்தா நின்னு பேசுவாங்க, பழைய பாலத்தைப் பத்தியும் சொல்லுவாங்க, அதையும் பதிவு பண்ணி வெச்சுக்கோங்க. மருந்தடிக்கிற ட்ரோன் பறக்கற நேரமா பார்த்து ஒதுங்கிக்கவும் செய்யுங்க.

அரசலாற்றங்கரை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மச்சானிடம் நேற்றே சொல்லிவிட்டேன், இங்கேயே வாங்கப் போகிறேன். பெரிய கோயிலையும் தாராசுரத்தையும் விட்டாயிற்று. தாராசுரத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கேமராவோடு நடந்தே போகிறேன், அந்தத் தூண் சிற்பங்களை மேலிருந்து எடுத்தால்தான் என்ன தெரிந்துவிடப் போகிறது. ஆசிரியர் ஐயா சொன்ன மாதிரி வாராவாரம் படம், தங்கை சொன்ன மாதிரி பெரியவர்கள் பேச்சையும் சேர்த்து. சங்கத்துக்கு வரும் பெரியவர்களிடம் இன்றைக்கே கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். புதுப் பாலம் பழையதுக்கு மேற்கே வருகிறது. மேற்கே தென்கரையில் எல்லைக்கல் ஒன்று இருக்கிறது, அதையே இடமாக வைத்துக்கொள்ளலாமா? பக்கத்தில் மின்கம்பியும் போகிறது.

கொள்ளிடம் வடகரை:

மின்கம்பி இருந்தால் அந்த இடமே வேண்டாம் தம்பி. மேற்கிலிருந்து பார்த்தால் காலை வெயிலும் நேரே லென்ஸில் விழும். பழைய பாலத்துக்குக் கிழக்கே ஓர் இடம் தேடுங்கள். வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பழைய பாலம் முன்னாலும் புதுசு அதற்குப் பின்னாலும் ஒரே படத்தில் வரும். பழையதை இடிக்கும் காலத்தில் அதன் கண்கள் ஒவ்வொன்றாக விலகும்போது பின்னால் இருக்கும் தூண்கள் முழுசாகத் தெரியும். படித்துறை எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். அதைத் தவிர்த்துக் கோணம் வைக்க முடியுமா என்று சேர்ந்தே பார்க்கலாம்.