இன்னைக்கு ராத்திரி டிரம்ப்–ஹாரிஸ் அமெரிக்க அதிபர் தேர்தல் டிபேட்

செப்டம்பர் 10, 2024

மாலதி அத்தை: முதல் ஓட்டு எனக்கு. 9 மணிக்கு எதைக் கவனிக்கணும்னு சொல்லுங்கப்பா

கார்த்தி: ஏபிசி டிவியில, 90 நிமிஷம். ரெண்டு இடைவேளை

விஜி: எங்க வீட்டுக்கு வந்துடுங்க அத்தை

சுந்தரம் பெரியப்பா: மாலதி, நோட்டும் பேனாவும் எடுத்துக்கோ. ஒவ்வொரு கேள்வியையும் ஒரு வரியில எழுது. பதிலுக்கு 2 நிமிஷம், எதிராளி மறுப்புக்கு 2 நிமிஷம். பேசி முடிச்சப்புறம் நீ எழுதின வரியைப் பாரு. கேள்வியைத் தொடவே இல்லைன்னா பக்கத்துல ஒரு சுழி போடு. நெறியாளர் அதையே திரும்பக் கேட்டும் நழுவினா ரெண்டு சுழி.

கார்த்தி: பெரியப்பா ஆரம்பிச்சுட்டாரு 😄

ராஜி சித்தி: கேள்வியெல்லாம் முன்னாடியே ஒரு தரப்புக்குப் போயாச்சாம் 👆 ஃபார்வர்டு பாருங்க

சுந்தரம் பெரியப்பா: இதுக்கு ஆதாரம் எங்க ராஜி? தலைப்பைக்கூட முன்கூட்டித் தரக்கூடாதுங்கறது விதி. எழுதி வெச்ச குறிப்பும் கூடாது. பேனா, வெத்துத்தாள், தண்ணி பாட்டில், அவ்வளவுதான். இடைவேளையில உதவியாளர்கள் கிட்டப் போய்ப் பேசவும் கூடாது.

ராஜி சித்தி: வந்ததை அனுப்பினேன். இதுக்கும் குத்தமா

விஜி: 2020 தேர்தல் சண்டை மாதிரி மறுபடி வேண்டாம் 🙏 தீபாவளி அக்டோபர் 31 வியாழன். யார் வீட்ல?

மாலதி அத்தை: மைக்கை அணைப்பாங்களாமே?

கார்த்தி: ஆமா, ஒருத்தர் பேசறப்ப இன்னொருத்தர் மைக் ஆஃப். அரங்கத்துல ஆளும் கிடையாது, கைதட்டல் இருக்காது

சுந்தரம் பெரியப்பா: நல்லதுதான். ஆனா முகம் தெரியுமே. 1992 டிபேட்ல அதிபர் புஷ் வாட்ச்சைப் பார்த்தது, 2000ல வேட்பாளர் கோர் பெருமூச்சு விட்டது, இதைத்தான் ஊரே பேசுச்சு. அதையெல்லாம் விட்டுடு. 1976ல அதிபர் ஃபோர்டு, கிழக்கு ஐரோப்பாவுல சோவியத் ஆதிக்கமே இல்லைன்னாரே, அது விஷயத்துலயே தப்பு. அந்த மாதிரி இடத்துலதான் காது இருக்கணும்.

சுந்தரம் பெரியப்பா: இன்னொண்ணு. வாக்குறுதி குடுத்தா, அது அதிபர் கையில இருக்கான்னு பாரு. வருமான வரியைக் குறைக்கணும்னா காங்கிரஸ், அதாவது அமெரிக்க பார்லிமென்ட், சட்டம் போடணும். வட்டி விகிதம் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் முடிவு. நீதிபதியை நியமிச்சா காங்கிரஸோட மேல்சபை செனட் ஒப்புக்கணும். இறக்குமதி வரியில மட்டும் அதிபருக்கு நிறையவே அதிகாரம் உண்டு. யாருக்கு, எவ்வளவு, பணம் எங்கேருந்து, இந்த மூணும் வரலைன்னா அது வெறும் ஆசைதான்.

மாலதி அத்தை: எழுதிக்கிட்டேன் அண்ணா

கார்த்தி: கடைசியில தலைக்கு 2 நிமிஷம் முடிவுரை. டாஸ்ல டிரம்ப் ஜெயிச்சு கடைசியாப் பேசறதை எடுத்துக்கிட்டாரு. ஹாரிஸ் முதல்ல

சுந்தரம் பெரியப்பா: அது ரெண்டும் மனப்பாடம் பண்ணிட்டு வர்றது. அதுக்கு முன்னாடியே உன் சுழியை எண்ணிடு. முடிஞ்சதும் துண்டு வீடியோ வரும், கேள்வியை வெட்டிட்டு பதிலை மட்டும் போடுவாங்க. நம்பாதே.

கார்த்தி: அத்தை, பேர் பதிவாச்சா? பென்சில்வேனியாவுல அக்டோபர் 21 கடைசி

மாலதி அத்தை: ஃபார்ம் குடுத்தேன், கார்டு வரலை

கார்த்தி: மாநில வெப்சைட்ல பேர், பிறந்த தேதி போட்டுப் பாருங்க. இன்னைக்கே

விஜி: தீபாவளி???

ராஜி சித்தி: நான் எதுவும் சொல்லலப்பா. அவரையே கேளு

விஜி: சரி, 8:30க்கு யார் யார் வர்றீங்க

சுந்தரம் பெரியப்பா: ராஜி வர்றாளா?