புதுப்பிப்பு: 2503 பிழை தீர்ந்தது, காரணம் டெம்ப் ஃபோல்டர்

கொழிஞ்சாம்பாறையில் அக்கா வீட்டு விண்டோஸ் கணினியில் எந்த எம்எஸ்ஐ கோப்பைத் (நிரலை நிறுவும் கோப்பு) திறந்தாலும் 2503, அடுத்து 2502 என்று பிழை வந்து நின்றுவிடுகிறது, மாமாவுடையது அட்மின் கணக்குதான், அப்புறம் ஏன் இப்படி என்று கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது.

அட்மின் கணக்காகவே இருந்தாலும் விண்டோஸ் நிரல்களைச் சாதாரண உரிமையோடுதான் ஓட்டும், நாம் சம்மதம் கொடுத்த பிறகே முழு உரிமை. எம்எஸ்ஐ கோப்பை வலது கிளிக் செய்தால் 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' வருவதில்லை, அதனால் கமாண்ட் ப்ராம்ப்ட்டை (கட்டளைகளை அடிக்கும் சாளரம்) அந்த உரிமையோடு திறந்து, எம்எஸ்ஐஎக்ஸெக் என்று அடித்து, இடைவெளி விட்டு ஸ்லாஷ் ஐ, பிறகு கோப்பின் முழுப் பாதையை மேற்கோள் குறிக்குள் கொடுத்தேன். நிரல் ஏறிவிட்டது. ஆனால் இது அந்த நேரத்துக்கான வழிதான். மூலக்காரணம் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் டெம்ப் (தற்காலிகக் கோப்புகள் வைக்கும் இடம்), அதில் எழுதும் அனுமதி போயிருந்தது. ப்ராபர்ட்டீஸ், செக்யூரிட்டி என்று போய் மாமாவின் கணக்குக்கு மட்டும் ஃபுல் கண்ட்ரோல் கொடுத்தேன் (எவ்ரிஒன், அதாவது எல்லாக் கணக்குக்கும் கொடுக்காதீர்கள்), அடுத்த நிரல் இரட்டை கிளிக்கிலேயே ஏறியது.

யூஏசியை (முழு உரிமைக்கு முன் நம் சம்மதம் கேட்கும் அந்த விண்டோஸ் வசதி) அணைத்துவிடச் சொன்னவர்களுக்கு: பிள்ளைகள் தொடும் கணினி, அது அணையாமலே இருக்கட்டும். தமிழ், மலையாளம் இரண்டும் அடிக்கிற விசைப்பலகை நிரல் இப்போது நன்றாக ஓடுகிறது.