வெள்ளத்தில் வீடு போனவர்களுக்குக் கைக்கு வந்தது எவ்வளவு? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

பொருநைக்கரை:

2023 டிசம்பரில் மாட்டியவர்களோ 2015இல் சென்னையில் மாட்டியவர்களோ, யாராக இருந்தாலும் சரி, உங்கள் வீட்டுக்கு அரசு என்ன மதிப்புப் போட்டது, எப்படிப் போட்டது என்று எழுதுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரல் பக்கம் ஆற்றங்கரைக் கிராமம் எங்களுடையது. டிசம்பர் 17 ராத்திரி தாமிரபரணியும் மேலே உடைந்த குளங்களும் சேர்ந்து ஊருக்குள் வந்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது என்பதெல்லாம் கரண்டு வந்த பிறகு தெரிந்துகொண்டதுதான்.

வெள்ள நிவாரணம் 6,000 ரூபாயை ரேஷன் கடையில் டோக்கன் கொடுத்து ரொக்கமாகவே தந்தார்கள். அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் அது குடும்ப அட்டைக்கு வந்த பணம். வீட்டுக்குத் தனிக் கணக்கு, சிக்கல் அங்கேதான்.

தாத்தா கட்டிய ஓட்டு வீடு. செங்கல்தான், ஆனால் மண் சாந்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு. கணக்கெடுக்க வந்த அன்று நாலு சுவரும் நின்றுகொண்டிருந்தன. 'பகுதி சேதம்' என்று எழுதிக்கொண்டு போனார்கள். வந்தவரைத் திட்ட முடியாது, கண்ணில் பட்டதை எழுதினார். மண் சாந்துச் சுவரின் குணம் கொத்தனார்களுக்குத் தெரியும். ஊறியிருக்கும்வரை நிற்கும், வெயிலில் காயக் காயத்தான் விட்டுக்கொடுக்கும். பொங்கல் கழிந்து பின்சுவர் சரிந்தது, உத்திரமும் ஓடும் கூடவே வந்தன. அதற்குள் பட்டியல் மேலே போய்விட்டது.

பேரிடர் நிதியின் அப்போதைய விதிப்படி, சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். பகுதி சேதமென்றால், அதுவும் 15 சதவீதமாவது சேதம் இருந்தால், காரை வீட்டுக்கு 6,500. நடுவில் ஒரு படியும் கிடையாது. மாநில அரசு அதற்கு மேல் போய், புது வீட்டுக்கு 4 லட்சம் வரை, பழுதுபார்க்க 2 லட்சம் வரை என்று அறிவித்தது. நல்ல அறிவிப்புதான். ஆனால் எந்த வரிசையில் உட்காருகிறோம் என்பதை அந்த முதல் நாள் எழுத்துதானே முடிவு செய்கிறது? மனு மேல் மனு போட்டு, மறுபடி ஆள் வந்து பார்த்து, கடைசியில் பழுதுபார்ப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். பின்சுவரும் கூரையும் இல்லாத வீட்டுக்குப் பழுதுபார்ப்பு!

முடிச்சூர்வாசி:

அண்ணாச்சி, எங்கள் கதை நேர் எதிர். 2015இல் தரைத்தளம் முழுகியது, வீட்டில் ஒரு விரிசல்கூட இல்லை. அதனால் வீட்டுக் கணக்கில் பூஜ்யம். குடிசை இழந்தவர்களுக்கு 10,000, மற்ற வீடுகளுக்கு 5,000 என்று அறிவித்தார்கள், அந்த 5,000 வங்கிக் கணக்கில் வந்தது. குடிசைக்கு அதிகம் கொடுத்தது நியாயம், அதில் சண்டையில்லை. ஆனால் பீரோ, கட்டில், மோட்டார், கிரைண்டர், பைக் எல்லாம் சேற்றோடு போனதை யார் எழுதுவது? அப்போதைய விதியில் துணிக்கு 1,800, பாத்திர பண்டத்துக்கு 2,000. 2023 வெள்ளத்தின்போது இருந்த விதியில் இரண்டுக்கும் தலா 2,500. மாடி வீட்டுக்காரனுக்கு எதற்கு நிவாரணம் என்று கேட்கிறார்கள். வீட்டுக்கடன் தவணை கட்டுகிறவனுக்கு மாடி மட்டும்தான் மிச்சம்.

சைதை டூ பெரும்பாக்கம்:

உங்களுக்காவது பட்டா இருக்கிறது சார். நாங்கள் அடையாற்றங்கரைக்காரர்கள். எங்கள் அப்பா செங்கல் வைத்துக் கட்டிய வீடு, மேலே ஒரு ஷீட் ரூம்கூடப் போட்டிருந்தோம். 10,000 ரூபாய், பத்துக் கிலோ அரிசி, ஒரு சேலை, ஒரு வேட்டி கிடைத்தது. அப்புறம் பெரும்பாக்கத்தில் குடியிருப்பு ஒதுக்கினார்கள். கட்டிய வீட்டுக்கு மதிப்பு போடவே இல்லை, புறம்போக்கு என்பதால். சும்மா சொல்லக்கூடாது, மழை ஒழுகாத வீடு, கதவு ஜன்னல் இருக்கிறது. ஆனால் வருடத்தின் நடுவில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போனது. அம்மா சைதாப்பேட்டையில் நாலு வீட்டில் வேலை பார்த்தவர், பஸ்ஸுக்கே சம்பளம் போகிறதென்று இரண்டு வீட்டை விட்டார். வாழ்வாதாரப் படி மாதம் 2,500, அதுவும் ஒரு வருடத்துக்கு மட்டும். ஆற்றங்கரையில் பட்டாவோடு நிற்கும் பெரிய கட்டடங்களை யாரும் அசைக்கவில்லை. வெள்ளம் அவர்களுக்குள்ளும்தான் போனது.

பெரியாற்றங்கரை:

2018இல் ஆலுவாவில் வாடகைக்கு இருந்தேன். கேரளத்தில் ஐந்து படி வைத்தார்கள். 15 சதவீதம் வரை சேதத்துக்கு 10,000, 16–29க்கு 60,000, 30–59க்கு 1.25 லட்சம், 60–74க்கு 2.5 லட்சம், 75க்கு மேல் 4 லட்சம். நிலமும் போனவர்களுக்கு நிலத்துக்கு 6, வீட்டுக்கு 4, மொத்தம் 10 லட்சம். போனில் செயலியை வைத்துக்கொண்டு ஆட்கள் வீடு வீடாக வந்தார்கள். சண்டை அங்கேயும் உண்டு: எங்கள் வீட்டு ஓனருக்கு 29 என்று விழுந்தது, ஒரு சதவீதம் கூடியிருந்தால் இரட்டிப்புக்கு மேல். மேல்முறையீடு செய்தார், கிடைத்தது. வாடகைக்காரனான எனக்கு முதலில் தந்த 10,000 மட்டும். அது வேறு கதை.

பொருநைக்கரை:

படிகள் இருந்தால் எனக்கு இந்த அலைச்சலே இருந்திருக்காது. இன்னொன்று. இதே வீட்டை அரசு ஒரு சாலைக்காக எடுத்திருந்தால், 2013 நிலமெடுப்புச் சட்டப்படி சந்தை மதிப்பும் அதே அளவுக்கு ஆறுதல் தொகையும் சேர்த்துத் தரவேண்டியிருக்கும். மழையைப் பெய்வித்தது அரசு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தூர்வாராத குளமும் வாய்க்கால் மேல் எழுந்த கட்டடமும் யார் கணக்கு? முழு மதிப்பையும் நான் கேட்கவில்லை. வீட்டைப் பார்த்து மதிப்புப் போடுங்கள், இரண்டு மாதம் கழித்து இன்னொரு தடவை வந்து பாருங்கள், அவ்வளவுதான்.

நெல்லைத் தம்பி:

அண்ணாச்சி, எங்கள் வீட்டுப் பட்டா இறந்துபோன தாத்தா பேரில். தீர்வை ரசீது பெரியப்பா பேரில். குடியிருப்பது நாங்கள். யார் பேரில் மனு போட?

பொருநைக்கரை:

தம்பி, குடியிருக்கிற உங்கள் அப்பா பேரில் போடுங்கள். கரண்டு பில், ரேஷன் கார்டு, தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் இணைத்து, பெரியப்பாவிடம் ஆட்சேபனை இல்லையென்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் பங்குத் தகராறு வந்தால் பணம் அப்படியே நின்றுவிடும். மனுவைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். உங்கள் வீட்டுக்குக் கணக்கெடுப்பில் என்ன எழுதினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். சுவர் இன்னும் நிற்கிறதென்றால் தேதி தெரிகிற மாதிரி வாரம் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பின்சுவரை முக்கியமாக.