பழைய லேப்டாப்பில் போட்டோ ஃப்ரேம்: சட்டத்துக்குள் பொருத்தியதும் திரை இருட்டாகிறது, உதவி தேவை

தூறல்:
வணக்கம். 15 அங்குலத் திரை உள்ள ஒரு பழைய லேப்டாப்பை அம்மாவின் அறையில் மாட்ட டிஜிட்டல் போட்டோ ஃப்ரேமாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். ரேம் 512 எம்பிதான். பழைய கணினிக்கும் ஏற்ற ஆன்டிஎக்ஸ் லினக்ஸ் இயங்குதளம் போட்டு, ஃபே என்ற சின்ன புரோகிராமில் ஸ்லைடு ஷோ ஓடுகிறது. மேசையில் விரித்து வைத்திருந்தவரை நன்றாகவே ஓடியது. கீலைக் கழற்றி, திரையின் முதுகு கீபோர்டின் மேல் படும்படி திருப்பி, மரச் சட்டத்துக்குள் வைத்துத் திருகியதிலிருந்து திரை கருப்பு. ஃபேன் ஓடுகிறது, ஹார்ட் டிஸ்க் விளக்கு மினுக்குகிறது. வெளி மானிட்டரை இணைத்துப் பார்த்தால் படங்கள் மாறுவது தெரிகிறது. மூடியை மூடினாலும் தூங்காதே என்று லினக்ஸில் ஏற்கெனவே மாற்றிவிட்டேன், பலன் இல்லை. திரை போய்விட்டதா?

நீலத்திரை:
இவ்வளவு பழைய லேப்டாப் என்றால் பேக்லைட் (திரைக்குப் பின்னிருந்து வெளிச்சம் தரும் விளக்கு) பெரும்பாலும் எல்இடியாக இருக்காது, குழல் விளக்குதான். அதற்குக் கரண்ட் கொடுக்கும் இன்வெர்ட்டர் போர்டு திரைக்குக் கீழே நீளமாக, ஒல்லியாக இருக்கும். திருப்பும்போது அதன் கேபிள் நழுவியிருக்கலாம். சார்ஜரைக் கழற்றிவிட்டு அழுத்திப் பாருங்கள்.

திருப்புளி:
கேபிளைத் தொடும் முன் ஒரு சின்னச் சோதனை. லேப்டாப்பை ஓடவிட்டு, அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைத் திரையின் மேல் சாய்வாக அடியுங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் திரையும், அதற்குப் படத்தைக் கொண்டுவரும் டேட்டா கேபிளும் நலம், வெளிச்சம் மட்டும்தான் இல்லை. எதுவுமே தெரியாவிட்டால் டேட்டா கேபிளைச் சந்தேகப்படலாம்.

அப்புறம், வெளிச்சம் எப்போது போகிறது என்று கவனியுங்கள். முதலில் ஒளிர்ந்து ஓரிரு நொடியில் அணைந்தால் குழலோ இன்வெர்ட்டரோ களைத்துவிட்டது. சட்டத்துக்கு வெளியே எரிந்து, உள்ளே வைத்ததும் அணைந்தால் காரணம் மூடி ஸ்விட்ச், அதாவது லேப்டாப் மூடப்பட்டதை உணரும் ஸ்விட்ச்.

இன்வெர்ட்டர் பக்கம் விரல் போகும்போது கவனம். குழலைப் பற்றவைக்கும் நொடியில் அது 1000 வோல்ட்டையும் தாண்டும். சார்ஜர், பேட்டரி இரண்டையும் எடுத்த பிறகே தொடுங்கள். குழலுக்குள் சிறிதளவு பாதரசம் இருப்பதால் உடையாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூறல்:
டார்ச் அடித்ததும் படம் மங்கலாகத் தெரிந்தது! சட்டத்திலிருந்து எடுத்தால் வெளிச்சம் வந்துவிடுகிறது. ஆனால் மூடி அமைப்பைத்தான் மாற்றிவிட்டேனே?

திருப்புளி:
நீங்கள் மாற்றியது லினக்ஸ் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும். பல பழைய மாடல்களில் மூடி ஸ்விட்ச் லினக்ஸைக் கேட்காமல் நேராக பேக்லைட்டையே அணைத்துவிடும். ஸ்லைடு ஷோ பின்னால் ஓடிக்கொண்டே இருப்பது அதனால்தான். கீல் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், கீபோர்டுக்கு மேலே, மிளகு அளவில் ஒரு பிளாஸ்டிக் பட்டன் இருக்கிறதா? விரலால் அழுத்தினால் வெளிச்சம் போகும். பட்டன் இல்லாத மாடல் என்றால் மூடி விளிம்பில் ஒரு குட்டிக் காந்தம் இருக்கும், அதை எடுத்துவிட வேண்டும்.

தூறல்:
பட்டன்தான். திரையின் முதுகு அதை அழுத்திக்கொண்டிருக்கிறது. பிடுங்கிவிடலாமா?

திருப்புளி:
வேண்டாம். திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவே நான்கு மூலையிலும் மரக்கட்டைத் துண்டு வைத்து, ஒரு விரல் தடிமன் இடைவெளி விடுங்கள். பட்டன் விடுபடும், சூடு வெளியேறவும் வழி கிடைக்கும். இந்த வயது லேப்டாப் சூடாகத்தான் ஓடும். சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடுங்கள், ஃபேன் வாயைச் சுவர் அடைக்கக் கூடாது.

சுவரில் நிரந்தரமாக மாட்டப் போகிறீர்கள் என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். எப்போதும் சார்ஜரிலேயே, அதுவும் சூட்டில் கிடக்கும் பழைய லித்தியம் பேட்டரி உப்பிப்போகும். சட்டத்துக்குள் அது ஆபத்து. சார்ஜரில் மட்டும் ஓடுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை ஓடும்.

நீலத்திரை:
பழைய மூடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திரையின் ஓரமாக ஓடும் இரண்டு மெல்லிய வயர்கள் வைஃபை ஆன்டெனா. அவற்றையும் சட்டத்துக்குள் ஒட்டிவைத்தால்தான் சிக்னல் கிடைக்கும்.

தூறல்:
இருவருக்கும் ரொம்ப நன்றி. கட்டை வைத்ததும் திரை ஒளிர்கிறது, பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. இன்னும் இரண்டு தொல்லை. 10 நிமிடத்தில் திரை தானாக அணைகிறது. சில மணி நேரம் ஓடிய பின் படம் மாறுவது இழுத்து இழுத்து, கடைசியில் நின்றேவிடுகிறது.

திருப்புளி:
முதலாவது சுலபம். ஸ்கிரீன் சேவர், திரையின் மின்சேமிப்பு என்று இரண்டும் தனித்தனி அமைப்புகள். ஒன்றை மட்டும் நிறுத்தினால் மற்றது அணைத்துவிடும். எக்ஸ்செட் கட்டளையால் இரண்டையும் நிறுத்தி, அதை ஸ்லைடு ஷோவுக்கு முன்னால் தானாக ஓடும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவதற்குக் காரணம் படங்களின் அளவாகத்தான் இருக்கும். கேமரா படம் 4000க்கு 3000 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு 4 எம்பி என்றாலும் திரையில் காட்ட விரிக்கும்போது ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் சுமார் 48 எம்பி நினைவகம் தின்னும். அதைத் திரைக்கு ஏற்ப மறுபடி சுருக்கவும் வேண்டும். 512 எம்பியில் அது பெரும்பாடு, நினைவகம் நிரம்பியதும் ஹார்ட் டிஸ்க்கை உருட்ட ஆரம்பித்துவிடும். உங்கள் திரை 1024க்கு 768 என்றால், வேறு கணினியில் இமேஜ்மேஜிக் என்ற படம் திருத்தும் புரோகிராம் கொண்டு எல்லாப் படங்களின் நகலையும் அந்த அளவுக்குச் சுருக்கிக்கொள்ளுங்கள். மூலப் படங்கள் மேல் கை வைக்காதீர்கள். சுருக்கும்போதே தானாக நிமிர்த்தும் வசதியையும் போட்டுவிடுங்கள். போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த படங்கள் படுத்துக் கிடக்கும் தொல்லையும் தீரும்.

தூறல்:
சுருக்கிய படங்களோடு நேற்று முழுக்க நிற்காமல் ஓடியது! ராத்திரியில் மட்டும் அணைத்துவைக்க வழி உண்டா?

நீலத்திரை:
குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் க்ரான் என்ற லினக்ஸ் வசதியில் இரவு ஒரு நேரம் குறித்து, லேப்டாப்பையே முழுதாக அணைக்கச் சொல்லுங்கள். குழல் விளக்கின் ஆயுளும் கூடும். காலையில் எழுப்ப, பயாஸுக்குள் (லினக்ஸுக்கு முன்பே லேப்டாப்பில் ஓடும் அடிப்படை அமைப்பு) போய்க் குறித்த நேரத்தில் தானாக ஆன் ஆகும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் பவர் பட்டனுக்கு நேராகச் சட்டத்தில் ஒரு ஓட்டை போட்டு விடுங்கள், அம்மாவே போட்டுக்கொள்வார்.