தனியாக ஃப்ரீலான்ஸ் செய்பவர்கள் வேலையை எப்படிக் கண்காணிக்கிறீர்கள்?

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாகத் தனியாக மென்பொருள் வேலை எடுத்துச் செய்கிறேன். இப்போது கையில் மூன்று வாடிக்கையாளர்கள். கோடு எழுதுவதில் சிக்கல் இல்லை. எது யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம் என்று கணக்கு வைப்பதில்தான் திணறுகிறேன்.

முதலில் ட்ரெல்லோ என்ற செயலியில், வேலைகளைக் கார்டுகளாக அடுக்கும் போர்டை ஆளுக்கொன்றாக வைத்தேன். நான் அப்படிப் பிரித்ததால், காலையில் எதை முதலில் தொடுவது என்று அறிய மூன்றையும் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. அப்புறம் கோடு வைக்கும் கிட்ஹப் தளத்திலேயே உள்ள 'இஷ்யூஸ்' என்ற வேலைப் பட்டியலுக்கு மாறினேன். கமிட் செய்தியில் (கோடு மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுதும் குறிப்பில்) 'ஃபிக்சஸ்' என்று எழுதி இஷ்யூ எண்ணைப் போட்டால், அந்த மாற்றம் கோடின் முதன்மைப் பிரதியான மெயின் பிராஞ்சில் சேர்ந்ததும் இஷ்யூ தானாக மூடிக்கொள்வது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் "ஒரு சின்ன மாற்றம்" என்று அனுப்புவது அங்கே போய்ச் சேர்வதில்லை. போன மாதம் அப்படி வந்த ஒன்றை மறந்தேவிட்டேன். வெளியீட்டு நாளன்று அவர் கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை. இப்படிச் செய்து கொடுத்த பல மணிநேர வேலை இன்வாய்ஸில் ஏறவும் இல்லை.

ஜிரா என்ற திட்ட மேலாண்மைக் கருவியையும் பார்த்தேன். ஸ்பிரின்ட் (சில வார வேலைச் சுற்று), ஸ்டோரி பாயின்ட் (வேலையின் அளவுக்குத் தரும் மதிப்பெண்) எல்லாம் குழுவுக்குச் சரி; ஒரே ஆளுக்கு அதைப் பராமரிப்பதே தனி வேலை. வேலையின் நிலையைப் போர்டில் காட்டி நடத்தும் கான்பான் முறையில் சொல்வதுபோல, நடப்பில் உள்ள வேலை 2-ஐத் தாண்டக்கூடாது என்று வைத்த வரம்பு மட்டும் நன்றாக உதவுகிறது.

எல்லா வாடிக்கையாளர்களையும் ஒரே போர்டில் லேபிள் போட்டு வைத்தால் நடைமுறையில் சரிவருமா? நேரக் கணக்குக்கு டாகிள் போலத் தனிக் கருவி வைத்திருக்கிறீர்களா, கார்டிலேயே எழுதுகிறீர்களா? வாட்ஸ்அப்பில் வருவதை எப்படிப் பிடித்து வைக்கிறீர்கள்? அடுத்த வாரம் நான்காவது ப்ராஜெக்ட் தொடங்குகிறது. அனுபவம் உள்ளவர்கள் அதற்குள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.