மடிப்பாக்கத்தில் கொல்லைத் தோட்டம்: ஆடியில் விதைக்கலாமா?

கேள்வி: புதுக் கொல்லை
வணக்கம். இப்போதுதான் கொல்லையுள்ள வீட்டுக்கு வந்திருக்கிறோம். 10 அடிக்கு 15 அடி இடம். மண்ணில் செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியுமாகக் கிடக்கிறது. தெற்கே ஒட்டினாற்போல மூன்று மாடிக் குடியிருப்பு, ஆனாலும் இந்த ஆனியில் நல்ல வெயில் விழுகிறது. போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. அம்மாவுக்கு வெண்டை, கத்தரி, தக்காளி, கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை எல்லாம் வேண்டும். ஆடிப்பட்டத்தில் மொத்தமாகப் போட்டுவிடலாமா?

பதில்: நங்கநல்லூர் கீரைப்பாத்தி
தம்பி, ஆடிக்கு விதை தேடும் முன் ஐப்பசி மழையை நினையுங்கள். மடிப்பாக்கம் தாழ்வான பகுதி. வேரடியில் தண்ணீர் தேங்கினால் கத்தரியும் தக்காளியும் வாடிச் செத்துப்போகும். அதனால் முதல் செலவு மண்ணுக்கு. இடிபாட்டைப் பொறுக்கி எடுத்துவிட்டு, செங்கல் அடுக்கி ஒன்றரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, கூடவே கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கு. செங்கலுக்கு நடுவே சிமென்ட் பூச வேண்டாம், அந்த இடுக்கு வழியாகத்தான் தண்ணீர் வடியும். அகலம் மூன்றடி போதும். உள்ளே மிதிக்காமல் இரு பக்கமும் கை எட்ட வேண்டும்.

அடுத்தது வெயில். இதைப் பலர் கவனிப்பதில்லை. சென்னை 13 டிகிரி வடக்கே இருப்பதால், ஆனியில் நண்பகல் சூரியன் உச்சியைத் தாண்டிச் சற்று வடக்கே நிற்கும். தெற்கு மாடி இப்போது மறைக்காததற்குக் காரணம் அதுதான். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். 30 அடி உயரக் கட்டடத்தின் நிழல் அப்போது நண்பகலிலேயே 20 அடிக்கு மேல் நீளும். உங்கள் கொல்லை முழுக்க நிழலாகிவிடும்.

ஆகவே ஆடியில் வெண்டை போடுங்கள். நேரடியாக விதைக்கலாம், செடிக்குச் செடி ஒன்றரை அடி. 45 நாள் வாக்கில் காய் பிடிக்கும், பெருமழைக்குள் நிறையப் பறித்துவிடலாம். பக்கத்திலேயே முளைக்கீரை தூவுங்கள், 25 நாளில் குழம்புக்கு வந்துவிடும். முதன்முதலாகத் தோட்டம் போடுபவருக்கு அந்தக் கீரைக்கட்டு தரும் தெம்பு பெரிது. கத்தரி, தக்காளிக்குத் தனியாக நாற்று விட்டு, தொட்டியில் மாடிக்கு ஏற்றுங்கள். நிழல் மாதங்களில் பாத்தியில் வல்லாரை, கற்பூரவல்லி போதும்.

பதில்: திருவான்மியூர் மாடி
உப்புத் தண்ணீர் எங்கள் கடலோரத்திலும் உண்டு. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இருக்காது, வாளியில் பிடித்து நாற்றுக்கு ஊற்றுங்கள். ஆர்.ஓ. கழிவு நீரை மட்டும் செடிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அதில் உப்பு இன்னும் கூடுதல். காய்ந்த இலைகளால் மூடாக்குப் போட்டால் தண்ணீர்த் தேவையும் குறையும்.

கொத்தமல்லிக்கு இப்போது அவசரம் வேண்டாம். வெயில் தணிந்து கார்த்திகையில், மல்லியை இரண்டாக உடைத்து மாடித் தொட்டியில் தூவுங்கள். புதினாவுக்கு விதை தேட வேண்டாம். கடைக்கட்டில் தடித்த தண்டுகளை எடுத்துத் தண்ணீரில் வைத்தால் வேர் விடும். அதற்குத் தனித் தொட்டி கொடுங்கள், பாத்தியில் விட்டால் மற்றதை அமுக்கிவிடும்.

புதுக் கொல்லை
மிக்க நன்றி அம்மா, அண்ணா. இந்த வாரமே இடிபாட்டை அள்ளத் தொடங்குகிறேன். கறிவேப்பிலையை எங்கே வைப்பது?

நங்கநல்லூர் கீரைப்பாத்தி
நிலத்திலேயே வையுங்கள் தம்பி. மண்ணைக் கொஞ்சம் மேடாக்கி, வடக்கு மதிலோரம், அங்கேதான் நிழல் சீக்கிரம் விலகும். முதல் வருடம் இலையை அதிகம் பறிக்காதீர்கள். ஆளுயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடிக்கும். இலையில் பச்சைப் புழு தெரிந்தால் மருந்து அடிக்க வேண்டாம், கையால் எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் அது வண்ணத்துப்பூச்சியின் புழுதான்.